தண்ணீர் இறங்கும் நகப்பூச்சு

மனித குலத்துக்குச் சேவை செய்தவர்களை வரிசையாக நிறுத்தினால், நெருப்பைக் கண்டுபிடித்தவருக்குப் பக்கத்தில் எங்கள் 'ஹலால் அழகுசாதனச் சரிபார்ப்புக் குழு'வைத்தான் நிறுத்த வேண்டும். நான் அதன் செயலாளர். தற்பெருமை எனக்குப் பிடிக்காது; அதனால்தான் முதலிடம் கேட்கவில்லை.

குழு முற்றிலும் நடுநிலையானது. தலைவர், நகப்பூச்சுக் கம்பெனி முதலாளியின் மச்சான். ரசாயன நிபுணர், அதே முதலாளியின் சகலை. 'வெளியாள் ஒருவர் வேண்டுமே' என்று என்னைச் சேர்த்தார்கள். நான் கம்பெனியில் சம்பளம் வாங்குவதோடு சரி. முன்பு மார்க்கம் படித்த ஓர் ஆலிமையும் அழைத்தோம். அவர் கேள்வி கேட்டார். அப்புறம் அழைப்பதில்லை.

புது நகப்பூச்சு வந்த அன்று கூட்டத்தில் அனல் பறந்தது. சிவப்பு நிறம் பூச்சியிலிருந்து எடுத்ததா, கொழுப்பு எந்தப் பிராணியுடையது, ஆல்கஹால் கலந்ததா என்று ஒவ்வொரு சேர்மானத்தையும் சம்பந்தம் பேசப் போனவர்கள் மாதிரி துருவித் துருவி விசாரித்தோம். புட்டியில் லேபிள் ஒட்டும் பசையைக்கூட விடவில்லை. எல்லாம் சுத்தம்.

கடைசியில் ஒரு சில்லறை விஷயம் பாக்கி. தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவி ஒளு செய்யும்போது நகத்திலும் தண்ணீர் பட வேண்டும். பூச்சு தடுத்தால் ஒளு இல்லை. ஒளு இல்லாவிட்டால் தொழுகையும் இல்லை. அட்டைப்பெட்டியிலோ 'தண்ணீர் இறங்கும்' என்று ஏற்கெனவே அச்சடித்தாகிவிட்டது. நிபுணர் டிஷ்யூ காகிதத்தில் பூசி, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, கட்டைவிரலால் வியர்க்க வியர்க்கத் தேய்த்தார்.

"இறங்கிடுச்சு!" என்றார் தலைவர்.

"காகிதம் கிழிஞ்சிருக்குங்களே?" என்றேன்.

"காகிதம் கிழியும், நகம் கிழியுமா? அப்ப நகத்துல இன்னும் நல்லாவே இறங்கும்."

அந்த விஞ்ஞானத்துக்குத் தலைவணங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

முதல் புட்டி என் மனைவிக்கு. நெயில் பாலிஷை அதுவரை கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி, பாவம்.

"நிஜமா தண்ணி இறங்குமாங்க?"

"அட்டைப்பெட்டியில கையெழுத்து யாருதுன்னு பாரு."

பார்த்தாள், பூசிக்கொண்டாள். ஐந்து வேளையும் அந்தச் சிவந்த விரல்களோடு தொழுதாள். அவள் அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுதுகொண்டே தொழுததும் அதே விரல்களோடுதான்.

நேற்று ஒரு நகத்தின் பூச்சு அப்படியே பிளாஸ்டிக் தோலாக உரிந்து வந்தது. அவளுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. பாலிதீன் தாளில் பூசி, காய்ந்ததும் உரித்து, அந்தத் தோலை டம்ளர் வாயில் கட்டி, மேலே தண்ணீர் விட்டு வைத்தாள். மதியத் தொழுகையான லுஹரிலிருந்து மாலைத் தொழுகையான அஸர் வரை காத்திருந்தாள். டம்ளர் உள்ளே காய்ந்து கிடந்தது.

"ஒரு சொட்டுகூட இறங்கலையேங்க."

"தரம் அப்படி," என்றேன். "தேய்ச்சியா?"

"எவ்வளவு தேய்க்கணும்?"

"கிழியற வரைக்கும்."

அவள் பூச்சைத் துடைத்தெடுத்தாள், ஒளு செய்தாள், பாய் விரித்து, கூடாமல் போன தொழுகைகளையெல்லாம் களாவாகத் தொழ ஆரம்பித்தாள். ஒரு தொழுகை முடிந்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"இதை எத்தனை பேரு வாங்கியிருப்பாங்க?"

"ஆயிரக்கணக்குல!" என்றேன் பெருமையாக.

"எனக்குத் தெரிஞ்சுது, திரும்பத் தொழறேன். அவங்களுக்கு யாரு சொல்றது?"

நியாயமான கேள்வி. இன்று காலையே குழுவின் முன் வைத்தேன். ஊர்ப் பெண்களின் தொழுகையை நினைத்துத் தலைவர் கண் கலங்கினார். நிபுணர் மூக்கைச் சிந்திக்கொண்டார், டிஷ்யூவில்தான். 'வாடிக்கையாளர்களின் நம்பிக்கையைக் குலைக்கும் தகவலை வெளியிடுவது பெரும் பாவம்' என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

வீட்டுக்கு வந்து, பாயில் உட்கார்ந்திருந்தவளுக்கு அதை உரக்கப் படித்துக் காட்டினேன்.

"இதுலயும் உங்க கையெழுத்து இருக்கா?"

"முதல் கையெழுத்தே என்னுதுதான்!"

அவள் அடுத்த தொழுகைக்கு எழுந்து நின்றாள்.

"சேர்மானமெல்லாம் ஹலால்தாங்க. கையெழுத்துதான் ஹராம்."