மாமனார் பெயர் என்ன?

"மறுபடியும் வந்துடுச்சுக்கா!" என்று மீர்குல் போனைத் தூக்கிக் காட்டினாள். கை முழுக்க மாவு.

‘உங்கள் கணக்கில் யாரோ நுழையப் பார்க்கிறார்கள்’ என்று போன் அலறியது. காலையிலிருந்து இது ஆறாவது தடவை.

நரின் என்ற அந்த மலை ஊரில் மீர்குல்லின் தேன் கேக் இல்லாமல் ஒரு கல்யாணமும் நடப்பதில்லை. அவளுக்குக் கடையும் கிடையாது, போர்டும் கிடையாது. எல்லாமே அந்த ஆன்லைன் கணக்குதான். நாளை மதியம் ஒரு கல்யாணத்துக்கு ஐந்தடுக்குக் கேக் போயாக வேண்டும். எந்த மண்டபம், என்ன நிறம், மேலே யார் யார் பெயர் என்பதெல்லாம் அதற்குள்தான் கிடந்தன. கணக்குப் போனால் நான்கு வருஷப் பிழைப்பும் அதோடு போச்சு.

"பாஸ்வேர்டை மாத்துடி," என்றாள் புருல். அவள் அந்த வீட்டின் மூத்த மருமகள், மீர்குல்லுக்கு ஓரகத்தி. அவளும் கேக் சுடுவாள். ஒரு தடவை வாங்கினவர்கள் மறு தடவை வரமாட்டார்கள், அவ்வளவுதான். "வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே மாத்து. அப்பதான் மறக்காது."

மீர்குல் எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டே மாற்றினாள். புருல் விறகு எடுக்க வெளியே போனாள். அவள் திரும்பி வருவதற்குள் ஏழாவது அலறல். கூடவே இன்னொரு செய்தி: ‘பாதுகாப்புக்காக உங்கள் கணக்கு பூட்டப்பட்டது. உதவி மையத்தை அழைக்கவும்.’

"ஐயோ, குடி கெட்டுச்சே!"

உதவி மையத்துப் பெண்ணின் குரல் இனிமையாக இருந்தது. "பயப்படாதீங்கக்கா. ஒரே ஒரு ரகசியக் கேள்விதான். புதுப் போன்ல யார் நுழைஞ்சாலும் இதைத்தான் கேட்போம். உங்க மாமனார் பேர் என்ன?"

அந்த ஊரில் மருமகள் மாமனார் பெயரை வாயால் சொல்வதுமில்லை, கையால் எழுதுவதுமில்லை. கணக்கைத் திறந்து கொடுத்தவன் அவள் புருஷன் தலாய். "எங்கப்பா பேரை மறப்பேனா?" என்று பெருமையாக அந்தக் கேள்வியையே வைத்துவிட்டான். தன் அப்பா அவளுக்கு மாமனார் என்பது அந்த மண்டையில் ஏறவில்லை. எட்டு வருஷக் குடித்தனத்தில் அந்தப் பெயரை அவள் வாய் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. இப்போது அவனைக் கேட்கலாம் என்றால், ஆள் குதிரைகளோடு மலை மேய்ச்சலில். அங்கே சிக்னலும் கிடையாது.

"அத்தை, நீங்களாவது சொல்லுங்களேன்."

"நல்லாயிருக்கே! புருஷன் பேரை நான் சொல்றதா?" மாமியார் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"புருல் அக்கா?"

"எனக்கு மட்டும் அவர் மாமனார் இல்லையா?"

கடைசியில் மாமனாரையே கூப்பிட்டார்கள். பெரியவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போனை வாங்கினார். தன் பெயர், அப்பா பெயர், பாட்டன் பெயர் என்று ஏழு தலைமுறையையும் மூச்சு விடாமல் ஒப்பித்தார்.

"தாத்தா, கணக்கு யாருடையதோ அவங்கதான் சொல்லணும்."

"என் பேரை என்னைவிட யாரும்மா திருத்தமாச் சொல்லிட முடியும்?"

"சட்டம் அப்படி தாத்தா."

பெரியவர் மருமகளைப் பார்த்தார். அவள் கண்ணில் நீர் கட்டியிருந்தது. "சரிம்மா, நான் தெருக்கோடிக்குப் போயிடறேன். எனக்குக் கேட்காது. தைரியமாச் சொல்லு. கல்யாண வீட்டுக்காரங்க நம்மளை நம்பியிருக்காங்க." சொன்னபடியே நடையைக் கட்டினார். மாமியார் இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டாள்.

மீர்குல் மாவு அலமாரிக்குள் தலையை நுழைத்தாள். "ஒ... ஒமுர்..."

"கேட்கலைக்கா. கொஞ்சம் சத்தமா."

"ஒமுர்ஸாக்!"

"என்னம்மா?" என்று தெருக்கோடியிலிருந்து குரல் வந்தது.

ஆனால் கணக்குத் திறந்துவிட்டது. ஐந்தடுக்குக் கேக், மண்டபம், மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. மீர்குல் மாவுத் தலையோடு அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். அப்பாடா, போன உயிர் திரும்பி வந்தது. வெட்கமாவது ஒண்ணாவது, நாளைக்குக் கேக் போகும்!

"நான்தான் அப்பவே சொன்னேனே, ஒண்ணும் ஆகாதுன்னு," என்று புருல் தேநீரை ஊற்றி நீட்டினாள். "எந்தப் படுபாவியோ! அவன் கை விளங்காமப் போக!"

மீர்குல் போனை ஸ்பீக்கரில் போட்டாள். "ரொம்ப நன்றிம்மா. அந்தத் திருடன் எதையாவது பார்த்திருப்பானா?"

"ஒண்ணும் பார்க்கலைக்கா, நிம்மதியா இருங்க. ஏழு தடவையும் பாஸ்வேர்டைச் சரியாத்தான் போட்டிருக்காங்க. ஆனா மாமனார் பேரைக் கேட்டதும் ஒரு எழுத்துகூட எழுதாம திரும்பிப் போயிருக்காங்க." அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள். "நானும் ஒரு வீட்டுக்கு மருமகதான்க்கா, அதனால கேட்கிறேன். உங்க வீட்ல மொத்தம் எத்தனை மருமகங்க?"