தண்ணீர்ப் பிரிவுக்கு வந்த கோயில் யானை

ஒரு காட்டில் தண்ணீர்க் குறைதீர்ப் பிரிவு என்று ஒன்று இருந்தது. தண்ணீர் இல்லை. பிரிவு இருந்தது.

அதில் மூன்று பேர் வேலை பார்த்தார்கள். தலைவர், தேனப்பன் என்கிற கரடி. வருகிற மனுவையெல்லாம் முதுகு முள்ளில் குத்தி வைத்துக்கொள்ள ஊசிமுத்து என்கிற முள்ளம்பன்றி. எழுதத் தெரியாதவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்து, எழுதத் தெரிந்தவர்களுக்கு அதில் தப்புக் கண்டுபிடித்துக் கொடுக்கக் கொப்பம்மா என்கிற குரங்கு. ஓர் ஆமையும் உண்டு. ஓடை வறண்டது நிசந்தானா என்று நேரில் பார்த்துவரச் சொல்லி, போன ஆனி மாதம் அதை அனுப்பினார்கள். போய்க்கொண்டிருக்கிறது.

இப்படி நிம்மதியாக நடந்துகொண்டிருந்த இடத்துக்கு ஒரு பங்குனி மாதத்தில் புது ஆள் வந்து சேர்ந்தது. தையல்நாயகி என்கிற யானை.

தையல்நாயகிக்கு வயது நாற்பது. இருபத்தைந்து வருஷம் ஒரு கோயில் வாசலில் நின்று ஆசீர்வாதம் பண்ணியவள். ஒருநாள் அந்தக் கோயிலுக்கு மோட்டார் யானை வந்து இறங்கியது. ரப்பர் தோல். சுவிட்சைப் போட்டால் காதாட்டும், தும்பிக்கை தூக்கும். லத்தி போடாது, மதம் பிடிக்காது. "நீ போயிட்டு வாம்மா" என்று தையல்நாயகி கழுத்தில் ஒரு மாலையைப் போட்டு, லாரியில் ஏற்றி, காட்டில் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். 

நாற்பது வயதில் புது வேலைக்குப் போவது கல்யாண வீட்டில் கடைசிப் பந்திக்கு உட்காருவது மாதிரி. இலை போடுவார்கள். பரிமாறுகிறவர் முகத்தில்தான் சிரிப்பு இருக்காது.

காட்டு ராஜாவான சிங்கம் கொடுத்த உத்தரவில் மூன்று மாதம் தற்காலிகம் என்று போட்டிருந்தது. அதற்குள் பிரிவுத் தலைவருக்குத் திருப்தி என்றால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் ராஜாவின் சமையல் பிரிவுக்கு மாற்றம். சிங்கத்தின் சமையல் பிரிவில் சமைக்கிற ஆள் என்று யாரும் கிடையாது. அங்கே மாற்றலாகிப் போனவர்கள் ஒருவரும் திரும்பி வந்து பென்ஷன் வாங்கியதும் கிடையாது.

முதல் நாள் காலையில் தையல்நாயகி நேராகத் தேனப்பனிடம் போனாள். தும்பிக்கையைத் தூக்கி அவர் தலையில் வைத்து 'புஸ்' என்று ஊதினாள். பிறகு அப்படியே நீட்டிக்கொண்டு நின்றாள்.

"என்னம்மா இது?" என்றார் தேனப்பன்.

"ஆசீர்வாதம் சாமி."

"சரி. இன்னும் ஏன் நீட்டிக்கிட்டு நிக்கிறே?"

"அதுக்கப்புறம் வாழைப்பழம் தருவாங்க சாமி. பழகிப்போச்சு."

கிளைமேல் இருந்த கொப்பம்மா வாலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "வந்த அன்னைக்கே கையை நீட்டுதே! இது தேறிடும்யா!"

ஆனால் தேறவில்லை. உட்காரப் பெஞ்சு கொடுத்தார்கள், பெஞ்சு போயிற்று. மனுவில் முத்திரை குத்தச் சொன்னார்கள். முத்திரை மனுவைத் தாண்டி, மேசையைத் தாண்டி, தரைக்குள் ஒரு முழம் போயிற்று. வந்தவர்களை வரிசையில் நிற்கவைக்கச் சொன்னார்கள். ஒவ்வொருவர் தலையிலும் தும்பிக்கையை வைத்து "நல்லா இரு" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். மனு கொடுக்க மறந்து பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

மத்தியானம் மூவரும் நாவல் மரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். தையல்நாயகி அந்தப் பக்கம் வந்தாள்.

"அந்தா அந்த அத்தி மரத்தடிக்குப் போயிரும்மா" என்றார் தேனப்பன். "உன் உடம்புக்கு இங்க நிழல் பத்தாது."

நிழல் பத்தாது என்பது நிசந்தான். அவள் போன பிறகு ஊசிமுத்து சொன்னதுதான் அநியாயம். "உண்டக்கட்டி தின்னு வளர்ந்த உடம்பு. இது இங்க வந்து எதைக் கிழிக்கப்போகுது? மூணு மாசம் முடியட்டும்யா, ராஜாவுக்கு ஒரு மாசத்துக்கு வரும்."

யானைக்குக் காது பெரிது. அது தெரியாமல் பேசினார்களோ, தெரிந்துதான் பேசினார்களோ. அத்தி மரத்தடியில் அவள் வாயில் வைத்த தழை அப்படியே நின்றது. 'வேலையைச் செஞ்சு காட்டிட்டா நம்மளைச் சேர்த்துக்குவாங்க' என்று நினைத்துக்கொண்டாள்.

கெட்டிக்காரிதான். இந்த ஓர் இடத்தில் மட்டும் ஏமாந்தாள்.

இரண்டு மாதம் ஓடியது. அக்கினி நட்சத்திரம் கொளுத்தியது. மரகதம் என்கிற மான், தன் குட்டியைக் கூட்டிக்கொண்டு ஏழாவது முறையாக மனுவோடு வந்தது.

கொப்பம்மா வாங்கிப் பார்த்தாள். "தாகம்னு மட்டும் எழுதியிருக்கியே, காலைத் தாகமா, சாயந்தரத் தாகமா?"

"எந்நேரமுந்தாம்மா."

"அப்ப ரெண்டு மனு வேணும்ல? போ, எழுதிக்கிட்டு வா."

"பிள்ளைக்கு நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சும்மா. அம்மான்னு கூப்பிட வரல."

"அதையும் தனியா ஒரு மனுவாக் கொடுத்துரு."

தையல்நாயகி கேட்டுக்கொண்டே நின்றாள். பிறகு மானிடம் கேட்டாள். "ஓடை எங்கம்மா இருக்கு?"

"இதோ பின்னாலதான் யக்கா. வெறும் மணலாக் கெடக்கு."

யானை போனது. மணலில் காலை வைத்து இப்படியும் அப்படியும் தேய்த்துப் பார்த்தது. ஓரிடத்தில் நின்று முன்னங்காலால் பறித்தது. தும்பிக்கையால் வாரி வாரி வெளியே போட்டது. ஆளுயரம்கூடப் போகவில்லை, அடியில் ஈரம் கசிந்தது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் பளபளவென்று ஏறி வந்தது. மூன்று வருஷத்து மனுவெல்லாம் ஒரு நாழிகையில் தீர்ந்தது.

குட்டி மான் குடித்தது. முயல் குடித்தது, மயில் குடித்தது, வழியோடு போன நரி குடித்துவிட்டு வாய் கொப்பளித்தது. மேலெல்லாம் சேறோடு தையல்நாயகி நின்றாள். இன்றைக்கு நாவல் மரத்தடிக்குக் கூப்பிடுவார்கள் என்று ஓர் ஆசை.

தேனப்பன் ஓடி வந்தார். தண்ணீரைப் பார்த்தார். வீட்டில் எழவு விழுந்தது மாதிரி அவர் முகம் தொங்கிப்போயிற்று.

"யாரைக் கேட்டுத் தோண்டினே?"

"கேக்கணுமா சாமி? தண்ணிதானே..."

"தண்ணிதானேவா? மூணு வருஷமா அது இல்லாமத்தான்டி நாங்க கஞ்சி குடிச்சோம்!"

மறுநாள் மனு கொடுக்க ஓர் ஈ காக்கை வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. காகிதம் இல்லாமல் ஊசிமுத்துவின் முதுகு மொட்டையாகக் கிடந்தது. "குளிருதய்யா" என்று வெயிலில் உட்கார்ந்து புலம்பினான். 

நான்காம் நாள் ராஜாவின் கிளி வந்தது. உத்தரவை ஒப்பித்தது.

"மனு வராத பிரிவு ராஜாவுக்குத் தேவையில்லை. வெள்ளிக்கிழமை ராஜா நேரில் வருவார். வரிசை இல்லையென்றால் பிரிவு கலைக்கப்படும். எல்லாரும் சமையல் பிரிவுக்கு மாற்றம்."

பறக்கப்போன கிளி திரும்பி ஊசிமுத்துவைப் பார்த்தது. "உங்களை மட்டும் முள்ளை எடுத்துட்டு வரச் சொன்னாங்க."

கொப்பம்மா மார்பில் அடித்துக்கொண்டாள். "ஒத்தை ஆளாப் போகவேண்டியவ எங்களையும் கூட்டிக்கிட்டுப் போறாளே! ஏண்டி கோயில்காரி, நாங்க உனக்கு என்ன பாவம் பண்ணினோம்?"

தேனப்பன் தீர்மானமாகச் சொன்னார். "நீ தோண்டினதுதானே? நீயே மூடிரு. ஒரு மிதி மிதிச்சா மூடிரும். வெள்ளிக்கிழமைக்குள்ள மனு வந்துரும்."

தையல்நாயகி ஊற்றுக்குப் போனாள். மற்ற மூவரும் பின்னாலேயே போனார்கள். அவள் காலைத் தூக்கினாள். கீழே மரகதத்தின் குட்டி முன்னங்காலை மடக்கிக் குடித்துக்கொண்டிருந்தது. மேலே நிழல் விழவும் மழை மேகம் என்று நினைத்து வாலை ஆட்டியது.

தூக்கிய கால் தூக்கியபடியே நின்றது. கீழே வைத்தால் குட்டி. வைக்காவிட்டால் வெள்ளிக்கிழமை. யானை ஒரு காலைத் தூக்கிக்கொண்டு எவ்வளவு நேரம் யோசிக்க முடியும்? அவளுக்கு அவ்வளவு நேரம்தான் இருந்தது.

காலை ஓரமாக வைத்தாள். "மூட வேண்டாம் சாமி" என்றாள்.

"மூடாம?"

"கயிறு இருக்கா?"

தூக்குப் போட்டுக்கொள்ளக் கேட்கிறாள் என்று ஊசிமுத்து நினைத்தான். "உன் எடைக்கு இந்தக் காட்டுல இல்லம்மா."

"அதுக்கில்ல. எங்க கோயில்ல வாசல்ல நின்னா நேராவே சாமி தெரியும். அப்பல்லாம் தினம் நாலு பேர் வருவாங்க, கும்பிடுவாங்க, போவாங்க. ஒரு வருஷம் கயிறு கட்டினாங்க சாமி. வளைச்சு வளைச்சு, பாம்பு கணக்கா. பொது வரிசை, சிறப்பு வரிசைன்னு பலகை வச்சாங்க. அன்னைக்கு வர ஆரம்பிச்ச கூட்டம் இன்னும் நிக்கல. நேராப் போய்ப் பார்த்தப்ப 'சின்னக் கோயில்'னாங்க. நாலு மணி நேரம் நின்னு பார்த்தப்புறம் 'என்னா சக்தி'ன்னாங்க. அதே சாமிதான். இருபத்தஞ்சு வருஷம் இதைப் பார்த்துக்கிட்டுத்தானே நின்னேன்?"

தேனப்பன் மெல்லக் கீழே உட்கார்ந்தார். பக்கத்தில் கிடந்த சருகைக் கையால் ஒதுக்கினார்.

"இப்படி உக்காரு. முதல்லேருந்து சொல்லு" என்றார்.

அன்று சாயந்தரமே கொடியை அறுத்துத் திரித்து ஊற்றைச் சுற்றிக் கட்டினார்கள். பக்கத்தில் இருந்த குன்றைச் சுற்றி வருகிற மாதிரி வழி விட்டார்கள். குனிந்து குடிக்க ஒரு சீட்டு, குடித்துவிட்டு நிமிர ஒரு சீட்டு. இரண்டும் வாங்குவதற்கு முன்னால் தாகச் சான்று. சான்று இல்லாதவர்களுக்குச் சான்று கேட்டு ஒரு மனு. நீள வால் உள்ளவர்களுக்குச் சிறப்பு வரிசை. அது ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கொப்பம்மா வால் நீளம்.

வியாழக்கிழமை மத்தியானத்துக்குள் ஊசிமுத்துவின் முதுகில் முள் தெரியவில்லை. அடுத்த மலையிலிருந்தெல்லாம் ஆள் வந்தது. தண்ணீரே வேண்டாத பல்லிகூட வந்து நின்றது.

"நீ எதுக்கு நிக்கிறே?" என்று கொப்பம்மா கேட்டாள்.

"தெரியலம்மா. இவ்வளவு பேர் நிக்கிறாங்கல்ல?"

மரகதம் மட்டும் யானையின் அருகில் வந்து மெதுவாகக் கேட்டது. "ஏன் யக்கா, முந்தாநாள் வரைக்கும் சும்மாத்தானே குடிச்சோம்?"

தையல்நாயகி அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள். "முந்தாநாள் வரைக்கும் அது குழிம்மா. இன்னைக்குத்தான் ஊற்று."

மான் யோசித்துப் பார்த்தது. சரிதான் என்று பட்டது. "அப்ப சிறப்பு வரிசையில ரெண்டு சீட்டுக் கிடைக்குமா?" என்று கேட்டது. "எங்களுக்கு வால் கொஞ்சம் குட்டைதான்."

வெள்ளிக்கிழமை ராஜா வந்தார். வரிசை குன்றை மூன்று சுற்றுச் சுற்றி நின்றது. ராஜா பிடரியைச் சொறிந்துகொண்டு பார்த்தார்.

"என்னய்யா கூட்டம்?"

"தண்ணிப் பிரச்சினை ராஜா" என்றார் தேனப்பன்.

"தண்ணி வந்துருச்சுன்னு கிளி சொல்லிச்சே?"

"வந்ததுதான் ராஜா பிரச்சினை. இல்லாதப்ப ஒரே பிரச்சினைதான், தண்ணி இல்ல. இப்பப் பாருங்க, வரிசைப் பிரச்சினை, சீட்டுப் பிரச்சினை, முன்னால குடிச்சவன் கலக்கிட்டுப் போயிட்டாங்கிற பிரச்சினை. நாங்க நாலு பேர் எத்தனையைத்தான் பார்க்கிறது? இன்னும் ஆறு பேர் வேணும்."

ராஜா அசந்துபோனார். இவ்வளவு வேலை அவர் ராஜ்ஜியத்தில் எங்கேயும் நடந்து அவர் பார்த்ததில்லை. ஆறு பேருக்கும் அங்கேயே உத்தரவு போட்டார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இத்தனை பிரச்சினையையும் கொண்டுவந்தது யாரு?"

தையல்நாயகி தலையைக் குனிந்துகொண்டாள். காது இரண்டும் ஆடவில்லை. சமையல் பிரிவு எந்தத் திசையில் இருக்கிறது என்று கண் தானாகத் தேடியது.

தேனப்பன் முன்னால் வந்தார். அவளுடைய முன்னங்காலில் கையை வைத்தார்.

"வேற யாரு ராஜா? நம்ம தையல்நாயகிதான்."

ராஜா ஊசிமுத்துவின் முதுகிலிருந்து ஒரு காகிதத்தை உருவி, நிரந்தரம் என்று எழுதி நகத்தால் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, வந்த களைப்புக்கு ஒரு வாய் தண்ணீர் குடிக்கலாம் என்று கயிற்றைத் தாண்டக் காலைத் தூக்கினார்.

"ராஜா, தாகச் சான்று?" என்றது மேலேயிருந்து ஒரு குரல்.

ராஜா தூக்கிய காலை இறக்கினார். பேசாமல் குன்றைச் சுற்றி நடந்துபோய் வரிசையின் கடைசியில் நின்றார். அவருக்கு முன்னால் ஒரு கிழட்டு மான் நின்றிருந்தது. மற்ற நாளாக இருந்தால் இரண்டில் ஒன்று ஓடியிருக்கும், இரண்டில் ஒன்று துரத்தியிருக்கும். இடம் போய்விடுமே என்று இரண்டும் அசையவில்லை.

"எவ்வளவு நேரமா நிக்கிறே?" என்று சிங்கம் கேட்டது.

"நேத்து ராத்திரியிலேருந்து ராஜா."

"அப்படியா!" என்றது சிங்கம். "நல்ல தண்ணியாத்தான் இருக்கும்போல."

நீதி: ஊற்றுத் தோண்டியவரைச் சமையல்கட்டுக்கு அனுப்புவார்கள், ஊற்றைச் சுற்றிக் கயிறு கட்டியவரைத்தான் 'நம்ம ஆள்' என்பார்கள். ஆகவே புது வேலைக்குக் கிளம்பும்போது சான்றிதழை மறந்தாலும் கயிற்றை மறக்காதீர்கள்.