பின்னறையை ஒழித்து வை, அக்கா

ஷெஃபீல்ட்,
வியாழக்கிழமை மாலை.

அன்பும் மதிப்பும் மிகுந்த டோரீன் அக்காவுக்கு,

உன் தம்பி நெவில் எழுதுவது. அங்கே பிரிட்லிங்டனில் கடற்காற்றும் உன் முழங்காலும் ஒன்றோடொன்று சமாதானமாகப் போய்க்கொண்டிருக்கும் என்று நம்புகிறேன். நாய் மறுபடியும் தபால்காரரைக் கடிக்கவில்லை என்றும் நம்புகிறேன். என் நலத்தைப் பற்றி நீ கேட்க மாட்டாய். கேட்டால் "பரவாயில்லை" என்றுதான் சொல்வேன் என்பது உனக்குத் தெரியும். இந்த முறை பரவாயில்லை அல்ல, அக்கா. பயமாக இருக்கிறது.

காரியத்துக்கு வருகிறேன். வரும் புதன்கிழமை வண்டியேறி உன் வீட்டுக்கு வந்து, இனி அங்கேயே இருந்துவிடலாம் என்று இருக்கிறேன். பின்னறையை ஒழித்து வைக்க முடியுமா? அந்தக் கட்டிலின் மேல் பலகை போட்டுக் கோடையிலிருந்து நீ துண்டு துண்டாக ஒரு ஜிக்சா படம் சேர்த்துக்கொண்டிருக்கிறாய் என்பது தெரியும். கலங்கரை விளக்கம் முடிந்துவிட்டது, வானம்தான் பாக்கி என்று போனில் சொன்னாய். அத்தனை நீலத் துண்டுகளையும் கலைத்துப் பெட்டியில் போடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் வேறு போக்கிடமும் இல்லை. நாளை நண்பகலோடு நான் டான்சைட் பல்கலைக்கழகத்தின் மாணவன் அல்ல. நானே எழுதிக் கொடுத்து விலகியதாகப் பதிவாகிவிடும். நான் விலகவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. வெளியே எடுத்துச் சொல்லத்தான் தைரியமில்லை.

இது உனக்கு எவ்வளவு பெரிய விஷயமாகத் தெரியும் என்று தெரியவில்லை. அந்தக் காலத்தில் பயிற்சிச் சான்றிதழை வைத்துக்கொண்டே பள்ளிக்கூடத்தில் நுழைந்துவிட்டேன், பட்டம் கிடையாது. பூகோளம் சொல்லிக்கொடுத்த காலமெல்லாம் பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்குப் போ, போ என்று வண்டியேற்றி அனுப்பிவிட்டு, நான் மட்டும் நடைமேடையிலேயே கையசைத்துக்கொண்டு நின்றேன். இந்த செப்டம்பரில்தான் முதல்முறையாக நானும் ஏறினேன். வரலாறு, முதலாம் ஆண்டு. முதல் வாரத்திலேயே சாக்கடைகளைப் பற்றி ஒரு விரிவுரை. நகரத்தின் குடிதண்ணீரும் கழிவுநீரும் எங்கே கலந்தன, எந்தத் தெருவில் காலரா முதலில் வந்தது என்று வரைபடத்தில் காட்டினார்கள். அக்கா, நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இத்தனை காலம் ஆறுகளின் பெயரை மனப்பாடம் செய்ய வைத்தேனே, அந்த ஆறுகள் மனிதர்களை என்ன செய்தன என்று ஒரு வார்த்தை சொல்லிக்கொடுத்தேனா என்று தோன்றியது. அன்றைக்குத் தேநீர் குடிக்கக்கூட மறந்துவிட்டேன் என்றால் பார்த்துக்கொள்.

சரி, எப்படி இந்த இக்கட்டு வந்தது என்று சொல்கிறேன். உதாரணம் இல்லாமல் விளக்கினால் எனக்கே புரியாது, பழக்கம் அப்படி. நம் அப்பாவை எடுத்துக்கொள். ஸ்கார்பரோ ஓட்டலில் மீன் கேட்டவருக்கு ஈரல் கொண்டு வந்து வைத்தார்கள். ஈரல் என்றாலே குமட்டும் மனிதர், முழுவதையும் சாப்பிட்டுவிட்டு "பிரமாதம்" என்றார். அந்த ஓட்டல்காரரும் ஒவ்வொரு கோடையிலும் ஆசையாக ஈரல் எடுத்து வைப்பார். அப்பாவும் ஒவ்வொரு கோடையிலும் சாப்பிட்டார். மேவிஸ் சித்தியை எடுத்துக்கொள். கல்யாணத்தன்று பாதிரியார் "மார்ஜரி" என்று அழைத்துவிட்டார். சபையில் அவரைத் திருத்துவது மரியாதையில்லை என்று சித்தி சும்மா இருந்தாள். சாகும்வரை அந்த ஊரில் மார்ஜரியாகவே வாழ்ந்தாள். கல்லறையிலும் அப்படித்தான் செதுக்கியிருக்கிறது. அந்த ரத்தம்தான் நமக்கும். இந்த உதாரணங்களை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

இங்கே வகுப்பில் பெயர் கூப்பிடுவதில்லை. விரிவுரை அரங்கின் உள்ளே, சுவரில் ஒரு சின்னக் கருப்புப் பெட்டி இருக்கிறது. நம் அட்டையை அதில் காட்டினால் பச்சை விளக்கு எரியும். வந்தாயிற்று என்று அர்த்தம். வகுப்பு தொடங்கிக் கால் மணி நேரம் கழிந்தால் சிவப்பு விளக்குதான் எரியும். நான் எப்போதும் முன்கூட்டியே வந்துவிடுவேன். வந்து கதவைத் திறப்பேன். பின்னால் ஒரு பெண் புத்தகக் கட்டோடு வருவாள். கதவைப் பிடித்துக்கொள்ளாமல் எப்படி உள்ளே போவது? அவள் பின்னால் இன்னொருவன் காப்பிக் கோப்பையோடு. அவன் பின்னால் நாலு பேர். முகத்தில் அடிக்கிற மாதிரி யாருடைய மூக்குக்கு நேராகக் கதவை விடுவது? பள்ளிக்கூடத்தில் என்றால் மணியடித்ததும் கூட்டம் முடிந்துவிடும். இங்கே முதலாம் ஆண்டு மாணவர்கள் அத்தனை பேருக்கும் ஒரே அரங்கம். பாதி வகுப்பு வரை ஒவ்வொருவராக வந்துகொண்டே இருக்கிறார்கள். எல்லாரும் "தேங்க்ஸ்" சொல்லிக்கொண்டு போனார்கள். ஒருவன் என்னைக் கட்டடக் காவலர் என்று நினைத்துக் கழிப்பறை எங்கே என்று கேட்டான், வழி சொன்னேன். கடைசியில் நான் உள்ளே போய் அட்டையைக் காட்டும்போது சிவப்பு. போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாமல் குறிப்பெடுப்பேன். ஆனால் பெட்டியின் கணக்கில் நான் அங்கே இல்லை.

இதை முதலில் கண்டுபிடித்தது கீலி. ராதரமில் அவள் அம்மாவின் மீன் வறுவல் கடையில் சனிக்கிழமைகளில் வேலை செய்துகொண்டு படிக்கும் பெண், பத்தொன்பது வயது, தலைமுடி இந்த வாரம் பச்சை. முதல் நாளிலிருந்து என் பக்கத்தில்தான் உட்காருவாள்.

"என்ன வாத்தியாரே, மறுபடியும் செவப்பா?"

"பரவால்ல கீலி. நான் வந்திருக்கறது எனக்குத் தெரியுமே."

"உங்களுக்குத் தெரிஞ்சு என்ன? அந்தப் பொட்டிக்கு நீங்க பேய். செத்தவங்களுக்கெல்லாம் டிகிரி தர மாட்டாங்க. கதவ விட்டுட்டு உள்ள வாங்களேன்."

"ஜனங்க வந்துட்டிருக்காங்கம்மா."

"அவங்களுக்கும் கை இருக்குல்ல?"



போன வாரம் மின்னஞ்சல் வந்தது. "உங்கள் வருகையின்மை குறித்துக் கவலைப்படுகிறோம், எல்லாம் சரியாக இருக்கிறதா, விளக்கவும்" என்று. பள்ளி ஆய்வாளர் முன்னறிவிப்பில்லாமல் வந்து நின்றபோதுகூட நான் இப்படிப் பயந்ததில்லை. உடனே பதில் எழுதினேன், நம் வீட்டில் எப்படி எழுதுவோமோ அப்படி. "உங்களுக்குத் தொந்தரவு கொடுத்ததற்கு மிகவும் வருந்துகிறேன். தவறு முழுக்க என்னுடையது. என்னை வைத்துக்கொள்வது உங்களுக்குச் சிரமமாக இருந்தால் தயவுசெய்து தயங்க வேண்டாம். நான் விலகிக்கொள்வதில் எந்த வருத்தமும் இல்லை." நீ படித்தால் இதற்கு என்ன அர்த்தம்? "ஐயா, என்னை அனுப்பிவிடாதீர்கள்" என்று அர்த்தம். அப்பா படித்தாலும் அதுதான் அர்த்தம். ஆனால் அதைப் படித்தவர் எழுதியதை எழுதியபடியே எடுத்துக்கொண்டுவிட்டார். திங்கட்கிழமை பதில் வந்தது: "விலகும் உங்கள் முடிவை மதிக்கிறோம். வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் நீங்கள் மறுப்புச் சொன்னாலோ, ஏதாவது ஒரு வகுப்புக்கு வந்ததாகப் பதிவானாலோ இது ரத்தாகும். இல்லையேல் உறுதியாகும். எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள்." வாழ்த்துகளைப் படித்தபோதுதான் காரியம் முடிந்துவிட்டது என்று புரிந்தது.

மறுப்புச் சொல்வதா? அவர் எவ்வளவு அன்பாக எழுதியிருக்கிறார். உட்கார்ந்து வேலையெல்லாம் முடித்துவிட்ட மனிதரிடம் போய், நீங்கள் செய்தது தப்பு, மறுபடியும் முதலிலிருந்து செய்யுங்கள் என்று எப்படிச் சொல்வது? கீலியிடம் சொன்னேன். அவள் வாயிலிருந்த உருளைக்கிழங்கு வறுவல் கீழே விழுந்தது.

"வெலகிக்கறேன்னு நீங்களே எழுதுனீங்களா?"

"மரியாதைக்கு எழுதினேன்."

"எங்கம்மா கடையில ஒருத்தர் மரியாதைக்கு 'பாக்கிய வச்சுக்கோம்மா'ன்னார். அம்மாவும் வச்சுக்கிட்டா. நடங்க வாத்தியாரே, கவுன்டருக்கு."

இன்று காலை என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். உதவி மேசைக்கு முன்னால் நீண்ட வரிசை. எனக்கில்லாத ஒரு வகுப்பு அவளுக்கு இருந்ததால் என்னை வரிசையில் நிறுத்தி, "உங்க மொறை வந்ததும் ஒரே வார்த்தை. மாட்டேன். சொல்லுங்க பாப்போம்" என்றாள்.

"மாட்டேன்... என்று நினைக்கிறேன்."

"கடவுளே" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

என் பின்னால் ஒரு பையன் கண்கலங்கி நின்றான். முன்னால் போகச் சொன்னேன். அடுத்து, அறைச் சாவியைத் தொலைத்த ஒரு பெண். அடுத்தவருக்கு ஒன்றும் இல்லை, ஆனால் ரொம்ப அவசரமாகத் தெரிந்தார். கடைசியில் என் முறை வந்தது. உள்ளே இருந்த இளைஞன் முகமலர்ந்து, "சொல்லுங்க சார், எல்லாம் நல்லபடியா இருக்கா?" என்றான். நானும் முகமலர்ந்து, "ரொம்ப நல்லா இருக்கேன் தம்பி, நன்றி. உங்களுக்குத்தான் பாவம் வேலை ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, டிராம் ஏறி, வீட்டுக்கு வந்து, கதவைப் பூட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நாளை காலை பத்து மணிக்கு ஒரு வகுப்பு இருக்கிறது. அதற்குப் போய்ச் சரியான நேரத்தில் அட்டையைக் காட்டினால் போதும் என்று நீ சொல்லலாம். அந்தக் கதவின் முன் என்னால் என்ன செய்ய முடியும் என்று எனக்குத் தெரியும், அக்கா. நூலகப் புத்தகங்களை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். சாக்கடைப் புத்தகத்தை இன்னும் முடிக்கவில்லை. பாதியிலேயே கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே பின்னறை. உனக்குச் சிரமம் என்றால் தயங்காமல் சொல். நீ "அதனாலென்ன, தாராளமா வா" என்றுதான் சொல்வாய். அதுதான் எனக்கு இரண்டாவது பயம். உண்மையில் நீ என்ன நினைக்கிறாய் என்று எனக்குக் கடைசிவரை தெரியப்போவதில்லை.

உன் முழங்கால் இந்தக் குளிர்காலத்தைத் தாண்டட்டும். வீட்டில் வெதுவெதுப்பும் தேநீரும் குறையாமல் இருக்கட்டும். நாய்க்கு என் அன்பு. தபால்காரருக்கு என் அனுதாபம்.

என்றும் உன் பிரியமுள்ள தம்பி,
நெவில்

பின்குறிப்பு (வெள்ளி, மதியம்): இதைத் தபாலில் போடும் முன் இரண்டு வரி. காலையில் புத்தகப் பையோடு நூலகத்துக்குப் போகும் வழியில், அரங்கத்தின் கதவைத் திறந்து பிடித்தபடி கீலி நின்றிருந்தாள். "முதல்ல நீங்க, வாத்தியாரே" என்றாள். "இல்லம்மா, நீ போ" என்றேன். "மாட்டேன்" என்றாள். நான் மறுத்தேன். அவள் மறுத்தாள். அதற்குள் என் பின்னால் ஆட்கள் வந்து நிற்க ஆரம்பித்தார்கள். திரும்பிப் பார்த்தால் படிக்கட்டு வரைக்கும் வரிசை. ஒருவர் மெல்ல இருமினார். வரிசையை மறித்துக்கொண்டு நிற்பவன், அக்கா. நம் குடும்பத்தில் அப்படி ஒருவன் இருந்ததே இல்லை. ஓடினேன். உள்ளே பெட்டியிடமும் அதே கதை, பின்னால் அத்தனை பேர். நின்று யோசிக்கக்கூட வழியில்லாமல் அட்டையைக் காட்டினேன். பச்சை. அப்படி ஒரு பச்சையை நான் பார்த்ததே இல்லை, கீலியின் தலையைத் தவிர. கொஞ்ச நேரத்தில் மின்னஞ்சலும் வந்துவிட்டது, விலகல் ரத்து என்று.

ஆகவே பின்னறையை ஒழிக்க வேண்டாம். ஆனால் உன்னை எனக்குத் தெரியும். இரண்டாம் பத்தியைப் படித்ததுமே எழுந்து போய், மறுபேச்சில்லாமல் வானத்தைக் கலைத்துப் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் மிச்சக் கடிதத்தைப் படிப்பாய். அப்படிக் கலைத்துவிட்டாயானால் ஒரு வார்த்தை சொல், வந்துவிடுகிறேன். உன் உழைப்பு வீணாகக் கூடாது. பட்டம் எங்கே போய்விடப் போகிறது.

இதை என் தோளுக்கு மேலாகப் படித்துக்கொண்டிருக்கும் கீலி, கடைசி வரிகளை அடிக்கச் சொல்கிறாள். மையால் எழுதியதை அடித்தால் பார்க்க நன்றாக இருக்காது. எனவே புதிதாக எழுதுகிறேன். அக்கா, நீ கலைத்திருந்தாலும் நான் வரமாட்டேன். என்னை மன்னித்து—

டோரீன் அக்கா, நான் கீலி. பேனாவப் பிடுங்கிட்டேன். அவர் வரலை. திங்கக்கிழமை அவருக்கு கிளாஸ் இருக்கு. வானத்த மறுபடி சேத்துக்குங்க.