நடுவானில் வீங்கிய மஞ்சள் சட்டை

ஒன்றுமே தெரியாதவனோடு பயணம் போகலாம். எல்லாம் தெரிந்தவனோடும் போகலாம். செல்போனில் வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டவன் என்று ஒருவன் இருக்கிறானே, அவனோடு மட்டும் ஒரே வண்டியில் ஏறிவிடாதீர்கள். நான் அந்த ரகம். என்னோடு கொழும்பு விமானத்தில் வந்தவர்கள் இன்றைக்கும் அந்தக் கதையைச் சொல்லி வயிறு வலிக்கச் சிரிக்கிறார்கள். அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன்.

எனக்கு ஊர் அபிராமம். உரக்கடை வைத்திருக்கிறேன். எங்கள் பக்கம் தண்ணீர் என்றால் கண்மாய்த் தண்ணீர்தான், அதுவும் மழை மனசு வைத்தால். நீச்சல் தெரியாததை எங்கள் ஊரில் யாரும் ஒரு குறையாகச் சொல்வதில்லை (நீந்துவதற்கு முதலில் தண்ணீர் வேண்டாமா?). அப்படிப்பட்ட எனக்குப் புதுமடத்தில் பெண் எடுத்தார்கள். ஷமீமா வீட்டில் எல்லாரும் கடல்காரர்கள். அவளுடைய அத்தா, அதாவது என் மாமனார் சிக்கந்தர் மாமாவுக்குச் சொந்தமாக வள்ளம் உண்டு. நான் கடையைத் திறக்கப் போவதுபோல அவர் பாட்டுக்குக் கடலுக்குப் போய்விட்டு வருவார்.

நிக்காஹ் முடிந்த வாரத்தில் புது மாப்பிள்ளையை வள்ளத்தில் ஏற்றிக் கடலில் ஒரு சுற்று சுற்றிவருவது அந்த வீட்டு வழக்கம். என்னையும் கூப்பிட்டார்கள். கரையில் சொந்தபந்தம் எல்லாம் கூடி நின்றது. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீர் வரைக்கும் கம்பீரமாகத்தான் போனேன். வள்ளம் லேசாக ஆடியது. எனக்குத் திடீரென்று வயிற்றுவலி வந்துவிட்டது. (எந்தப் பக்கம் வலிக்கிறது என்று மாமி கேட்டபோது இரண்டு பக்கத்தையும் காட்டினேன்.)

அன்றிலிருந்து மாமா என்னிடம் நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டார். சண்டை கிடையாது, மரியாதைக்கும் குறைவில்லை. நான் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். அவர் மகளைப் பார்த்து, "ஒன் வீட்டுக்காரர இன்னும் ரெண்டு துண்டு மீனு போட்டுக்கச் சொல்லும்மா" என்பார். மற்ற மருமகன்களை வாய் நிறைய மாப்ள என்று கூப்பிடுகிறவர், என்னை ஒரு தடவைகூட அப்படிக் கூப்பிடவில்லை. அந்த ஒரு வார்த்தைக்காக நான் எவ்வளவு ஏங்கினேன் என்று சொன்னால் வெட்கமாக இருக்கும்.

அந்த நேரத்தில்தான் கொழும்பில் மாமியின் தம்பி மகளுக்குக் கல்யாணம் வந்தது. மதுரையில் விமானம் ஏறிப் போவதாக முடிவாயிற்று. எங்கள் ஆட்களே நாலைந்து வரிசை. குடும்பத்தில் விமானம் பழகிய இளவட்டங்கள் எல்லாம் சவுதியில் இருந்தார்கள். கிளம்பிய கூட்டத்தில் ஒருவருக்கும் விமானத்தில் கால் வைத்த அனுபவம் இல்லை. என்னையும் சேர்த்துத்தான். ஆனால் படித்த மாப்பிள்ளை என்பதால் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஷமீமா என்னைத் தனியாக அழைத்துச் சொன்னாள்: "மச்சான், இந்தத் தடவயாச்சும் அத்தா முன்னாடி என்னயத் தலகுனிய வச்சிராதீங்க."

வைக்கக் கூடாது என்றுதான் அவ்வளவு உழைத்தேன். மதுரைக்கும் கொழும்புக்கும் நடுவில் இருப்பது கடல். கடலில் விமானம் இறங்க வேண்டி வந்தால் என்ன செய்வது? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு, உரக்கடையில் வியாபாரத்தைப் பார்க்காமல் வீடியோவாகப் பார்த்துத் தள்ளினேன். எங்கோ ஒரு நாட்டில் ஒரு விமானம் ஆற்றில் இறங்கியிருந்தது. ஆட்கள் இறக்கை மேல் பஸ்ஸுக்கு நிற்பதுபோல வரிசையாக நின்றார்கள். இன்னொன்று கடலில் இறங்கும்போது உடைந்தே போனது. அதை நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். தூக்கம் போனது, சாப்பாடு இறங்கவில்லை. அறிவு மட்டும் வளர்ந்துகொண்டே இருந்தது.

மதுரை விமான நிலையத்தில் கிளம்புவதற்கு முன்னால் எங்கள் ஆட்களை உட்கார வைத்து ஒரு வகுப்பே எடுத்தேன். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறத்தில் மிதவைச் சட்டை இருக்கும், எடுத்துக் கழுத்தில் மாட்ட வேண்டும், சிவப்புப் பிடியை இழுத்தால் காற்று நிரம்பிவிடும். ஆனால் விமானத்துக்கு உள்ளே இருக்கும்போது இழுக்கவே கூடாது, கதவைத் தாண்டிய பிறகுதான் இழுக்க வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தை விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னேன்.

தள்ளி உட்கார்ந்து தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்த மாமா, உள்ளே இருக்கும்போதே இழுத்தால் என்ன ஆகும் என்று மகள் மூலமாகக் கேட்டார். தண்ணீர் உள்ளே ஏறும்போது ஆளும் மிதந்துபோய்க் கூரையில் ஒட்டிக்கொள்வான், முங்கிக் கதவுக்கு வர முடியாது என்று விளக்கினேன். மாமா யோசித்தார். பிறகு தலையை ஆட்டினார். என் வாழ்க்கையில் அதற்கு முன்னாலும் பின்னாலும் எந்தப் பரீட்சையிலும் அப்படி ஒரு மார்க் வாங்கியதில்லை.

விமானம் ஏறியது. எனக்கு ஜன்னலோர சீட், பக்கத்தில் ஷமீமா. நடைபாதைக்கு அந்தப் பக்கம் மாமா. கீழே பாம்பன் பாலம் தெரிந்தபோது எங்கள் ஆட்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து பார்த்தார்கள். மாமா மட்டும் தலையை நீட்டிக் கடலை ஒரு தடவை பார்த்துவிட்டு, பெல்ட்டை இறுக்கிக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். துஆ ஓதுகிறார் என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் கேப்டன் பேசினார். கொழும்பில் பலத்த மழை, இறங்க அனுமதி கிடைக்கும் வரை கடல்மேல் வட்டமடிப்போம், கவலைப்பட ஒன்றுமில்லை. எனக்குத் தெளிவாகவே புரிந்தது. எங்கள் ஆட்களுக்கும் சொன்னேன். சொல்லி முடித்துவிட்டுத்தான் கணக்குப் போட ஆரம்பித்தேன். வட்டமடித்தால் எண்ணெய் தீரும். எண்ணெய் தீர்ந்தால் இறங்கத்தான் வேண்டும். கீழே இருப்பது கடல். எனக்கு நீச்சல் தெரியாது. இந்த நாலு வரியும் மண்டைக்குள் விமானத்தைவிட வேகமாக வட்டமடித்தன. வெளியே மேகம் கறுத்தது. இறக்கையைப் பார்த்தேன், அது நடுங்கிக்கொண்டிருந்தது (எல்லா விமானத்திலும் அது அப்படித்தான் ஆடுமாம், எந்த வீடியோக்காரனும் இதைச் சொல்லவில்லை).

ஷமீமா அசந்து தூங்கினாள். நான் சத்தமில்லாமல் குனிந்து சீட்டுக்கு அடியிலிருந்து சட்டையை எடுத்தேன். போட்டுக்கொள்வதில் என்ன தப்பு, இழுக்கப் போவதில்லையே? போட்டேன். சிவப்புப் பிடி எங்கே இருக்கிறது என்று தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டாமா? பிடித்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து விமானம் பள்ளத்தில் இறங்கிய மாதிரி ஒரு குலுக்குக் குலுக்கியது. என் உயிர் மேலே போனது. கை கீழே போனது.

டப் என்று ஒரு சத்தம். கண் மூடித் திறப்பதற்குள் சட்டை உப்பி என் தாடையை மேலே தள்ளிவிட்டது. விழித்துப் பார்த்த ஷமீமாவுக்குப் புருஷன் முகத்துக்குப் பதிலாக ஒரு மஞ்சள் மூட்டைதான் தெரிந்திருக்கும். அலறினாள். மாமா திரும்பினார்.

அவர் முகத்தில் ஓடியதை நான் அப்படியே பார்த்தேன். உள்ளே இருக்கும்போது இழுக்கவே கூடாது என்று விரலை ஆட்டிச் சொன்ன மருமகனே இழுத்துவிட்டான். அப்படியானால் இனி கதவுவரை போக நேரமில்லை என்று அர்த்தம். வட்டமடித்த விமானம் அப்போது இடப்பக்கம் நன்றாகச் சாய்ந்திருந்தது. கடலில் வள்ளம் சாய்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது மாமாவின் ரத்தத்தில் ஊறியது. ஆட்கள் உடனே உயர்ந்த பக்கம் போய் உட்கார வேண்டும். ஏன், எதற்கு என்று யாரும் கேட்கக் கூடாது. மாமா பெல்ட்டைக் கழற்றிவிட்டு எழுந்து, கடற்காற்றுக்கு மேல் ஒலித்துப் பழகிய அந்தக் குரலில் சொன்னார்: "ஏலே, சாயுது. அம்புட்டுப் பேரும் மேப்பக்கம் ஏறுங்க."

நாலைந்து வரிசையும் ஒரே ஆளாக எழுந்தது. மாமி வலப்பக்கத்தில் யாரென்றே தெரியாத ஒரு வெள்ளைக்காரர் மடியில் போய் உட்கார்ந்தார். அவருக்கு மேல் மாமியின் தங்கை. யாரோ கடைசி நேரத்துக் கலிமா சொல்ல ஆரம்பித்தார்கள். பணிப்பெண் ஓடிவந்து உட்காரச் சொல்லிக் கெஞ்சினாள். "நீயும் இங்கன வந்து உக்காரும்மா" என்று அவளுக்கும் இடம் கொடுத்தார்கள். நான் எழுந்து உண்மையைச் சொல்ல நினைத்தேன். தாடை அசையவில்லை.

இதற்குள் வட்டம் முடிந்து விமானம் தானாக நேராகிவிட்டது. மாமா, "நிமிந்திருச்சு" என்றார். அல்ஹம்துலில்லாஹ் என்று மொத்தக் கூட்டமும் பெருமூச்சு விட்டது. அடுத்த வட்டத்தில் மறுபடி சாய்ந்தபோது மாமா கையைத் தூக்கினார். பணிப்பெண் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். தரை தட்டும் வரை விடவேயில்லை.

கொழும்பில் என்னையும் மாமாவையும் மட்டும் ஓர் அறைக்குக் கூட்டிப் போனார்கள். சட்டையோடேதான் போனேன் (காற்றை இறக்கவும் வழி இருக்கிறதாம், அந்த வீடியோவை நான் பார்க்கவில்லை). ஜெயிலில் போடுவார்களா, கல்யாணம் பார்க்காமலே திருப்பி அனுப்புவார்களா என்று கணக்குப் போட்டுக்கொண்டே நின்றேன். தமிழ் தெரிந்த அதிகாரி, இதற்கெல்லாம் யார் காரணம் என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார். "ஆளுகள எழுப்பிவிட்டது நாந்தேன் சார். மாப்ள ஏன் இழுத்தாருன்னு தெரியல. அவரு வெவரமானவரு. இழுத்தா காரணம் இருக்கும்."

நான் ஏங்கிய வார்த்தை. அது வந்து சேர்ந்த இடத்தையும் நேரத்தையும் பாருங்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. காரணம் ஒன்றும் இல்லை, பயந்துவிட்டேன், கை தவறி இழுத்துவிட்டேன் என்று அதிகாரியிடம் ஒப்புக்கொண்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். திட்டவேண்டியதைத் திட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு, இரண்டு பேரையும் விட்டுவிட்டார்.

வெளியே வந்ததும் மாமா நின்றார். இனிமேல் ஜென்மத்துக்கும் பேசமாட்டார் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"நெசமாவே பயத்துலதான் இழுத்தீகளா மாப்ள?"

"ஆமா மாமா."

"நானும் பயந்துதான் கெடந்தேன்" என்றார் மெதுவாக. "கடல்ல சுக்கான் ஏங் கையில இருக்கும். அங்கன ஏங் கையில ஒரு பெல்ட்டுதான இருந்துச்சு."

திரும்பி வரும்போது விமானத்தில் எங்கள் குடும்பத்தை ஆளுக்கொரு மூலையில் பிரித்து உட்கார வைத்தார்கள். தற்செயலாக அமைந்தது என்றுதான் சொன்னார்கள்.

இப்போது புதுமடத்தில் நான் எந்த வீட்டுப் படியேறினாலும், "மாப்ள வந்துட்டாரு, மேப்பக்கம் ஏறுங்க" என்று ஒரு குரல் வரும். என் மகனுக்குப் பெயர் வைத்த அன்றைக்கு, சேர்ந்து சாப்பிடும் சஹன் தட்டில் சோறு ஒரு பக்கம் சரிந்ததற்குக்கூட அதைச் சொன்னார்கள். தங்கச்சிமடத்துக்கு விசேஷத்துக்குப் போகும்போது வேன் பாம்பன் பாலத்தில் ஏறிக் காற்று ஒரு தள்ளு தள்ளினால் போதும், யாராவது அதே குரலில் சொல்வார்கள். வேன் மொத்தமும் சிரித்துக் கும்மாளமிட்டபடி ஒரு பக்கமாக நகரும். மாமாவும் நானும் மட்டும் சிரிப்பதில்லை. ஆனால் எல்லாருக்கும் முன்னால் நாங்கள் இரண்டு பேரும் நகர்ந்திருப்போம். பாலம் தாண்டும் வரை மாமா என் கையை விடமாட்டார்.