சின்ன மாப்பிள்ளையின் சிவப்புக் கார்

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் மூத்த மாப்பிள்ளை பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மகளும் உடம்பளவில் சௌக்கியம். அத்தையின் முழங்கால் வலி இப்போது எப்படி என்று தெரிவிக்கவும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் உங்கள் மகள் அடுத்த அறையிலிருந்து திருத்தம் சொல்லிக்கொண்டே இருப்பாள். இது திருத்தம் தேவைப்படாத விஷயம்.

உங்கள் சின்ன மாப்பிள்ளை, அதாவது என் சகலை, பல் டாக்டர், ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியிருக்கிறார். உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். சிவப்பு நிறம். மொத்தமே இரண்டு இருக்கை. ஒரு பொத்தானை அழுத்தினால் கூரை தானாக மடிந்து பின்னால் போய் ஒளிந்துகொள்கிறது. எனக்குப் பொறாமை என்று எண்ணிவிட வேண்டாம். லைசன்ஸ் ஆபீஸில் இருபத்தெட்டு வருடமாக ஓட்டுநர் தேர்வு நடத்துகிறவன் நான். குடும்பஸ்தனுக்கு எந்தக் கார் அழகு என்று எனக்குத் தெரியும். என் சாம்பல் நிறக் காருக்கு வயது பதினான்கு, கதவு நான்கு, அதில் மூன்று உள்ளிருந்தும் திறக்கும்.

அந்தக் காரை முதல் தடவை எங்கள் வீட்டுக்கு ஓட்டி வந்த அன்றே எனக்கு மனசு சரியில்லை. என் கார் வழியை அடைக்கிறது என்று ஒன்பது வருடமாக முகத்தைத் தூக்கி வைத்திருக்கும் மாடிவீட்டுக்காரர், மூன்று மாடி இறங்கி வந்து, "டாக்டர் சார், எவ்வளவு நேரம் வேணாலும் இங்கயே நிக்கட்டும்" என்றார். உங்கள் மகள், "ஒரு ரவுண்டு போயிட்டு வரேங்க" என்று தங்கையோடு ஏறிப் போனவள், முடியெல்லாம் கலைந்து, ஒரு சிரிப்போடு திரும்பி வந்தாள். அந்தச் சிரிப்பை நான் கடைசியாகப் பார்த்தது, எனக்குப் பதவி உயர்வு என்று ஆபீஸிலிருந்து தப்பான தகவல் வந்த அன்றுதான். நான் கேட்டேன், "அப்படி என்ன இருக்கு அதுல?" அவள் சொன்னாள், "சொன்னா உங்களுக்குப் புரியாது." கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் எனக்குப் புரியாத எதையும் அவள் சொல்லாமல் விட்டதில்லை, மாமா.

போன வாரம் சகலை போன் செய்தார். "அண்ணா, ஞாயித்துக்கிழமை மலைக்குப் போறோம். எங்க குரூப்ல பன்னெண்டு வண்டி. என்கூட வாங்களேன். என் ஓட்டுதலப் பத்தி உங்க அபிப்பிராயம் தெரிஞ்சா நல்லாருக்கும்." அபிப்பிராயம் என்ற அந்த வார்த்தையில்தான் நான் விழுந்தேன். ஆபீஸிலிருந்து ஒரு மதிப்பெண் தாளை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். இந்த மனிதரை முறைப்படி ஃபெயில் ஆக்கிவிட்டால் என் மனது ஆறும் என்று தோன்றியது. உங்கள் இரண்டு மகள்களும் என் சாம்பல் காரில் பின்னால் வருவது என்று ஏற்பாடு. மூத்தவள் ஓட்டினாள்.

மலையடிவாரத்தில் பெட்ரோல் பங்க் பக்கத்தில் எல்லோரும் கூடியிருந்தார்கள். தலைவர் ஒரு மருந்துக்கடைக்காரர். அவரை எல்லோரும் கேப்டன் என்கிறார்கள். ஒரே காரைப் பங்குபோட்டு ஓட்டும் சலவைக்கடை அண்ணன் தம்பி இருவர், இன்று யார் முறை என்று வந்ததிலிருந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு காரின் முன்மூடியையும் திறந்துவைத்து, பிறந்த குழந்தையைத் தொட்டிலில் பார்ப்பதுபோலக் குனிந்து பார்த்து, யார் ஜாடை என்று கேட்காத குறையாகப் பேசிக்கொண்டார்கள். சகலை என்னை எல்லோருக்கும் அறிமுகம் செய்துவைத்தார். பச்சை நிறக் காரில் சாய்ந்து நின்ற தலைமையாசிரியை என்னையே உற்றுப் பார்த்தார்.

"சார், என்னை ஞாபகம் இருக்கா? ரிவர்ஸ்ல ரெண்டு தடவை ஃபெயில் பண்ணீங்க."

"மூணாவது தடவை பாஸ் பண்ணியிருப்பேனே."

"மூணாவது தடவை நீங்க லீவு."

எல்லோரும் சிரித்தார்கள். சலவைக்கடை அண்ணன் தம்பி சண்டையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள்.

வண்டிகள் கிளம்பின. மொத்தம் இருபத்துமூன்று கொண்டை ஊசி வளைவுகள். அந்தக் காரில் உட்காருவது என்று சொல்ல முடியாது, படுப்பது என்றுதான் சொல்ல வேண்டும். சாலை என் இடுப்புக்குக் கீழே ஓடியது. பக்கத்தில் உட்கார்ந்தே பழகிய கால் சும்மா இருக்குமா, ஒவ்வொரு வளைவிலும் இல்லாத பிரேக்கைத் தேடி மிதித்தது. நாலாவது வளைவில் காலடி விரிப்பு மடிந்தது, ஏழாவதில் என் செருப்பு கழன்றது. மதிப்பெண் தாளை எடுத்துத் தொடையில் வைத்தேன். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்தார், சரி. கியரை அது தானாக விழுந்ததுபோல மாற்றினார், சரி. வளைவின் உள்ஓரத்தை உரசாமல் ஒட்டிப் போய், வெளியே வரும்போது ஆக்ஸிலேட்டரை மெல்ல அழுத்தினார், அதுவும் சரி. ஆயுள் முழுக்க அடுத்தவர் வாயில் கைவைத்து வேலை செய்த மனிதருக்குக் கை நடுங்குமா? பதினாலாவது வளைவுக்கு முன்னால் காரணமில்லாமல் வண்டியை ஊர்ந்துபோகும் அளவுக்குக் குறைத்தார். கிடைத்தது ஒரு தவறு என்று பேனாவைத் திறந்தேன். திரும்பினால், சாலை நடுவில் மாட்டுத்தலை அளவுக்கு ஒரு பாறை விழுந்து கிடந்தது.

"எப்படித் தெரிஞ்சுது?" என்றேன்.

"மேலருந்து ஒரு லாரி வந்துச்சு பாருங்கண்ணா, அந்த டிரைவர் முகம் சரியில்ல. என் நாற்காலில உக்காரப்போறவங்க முகம் அப்படித்தான் இருக்கும்."

இறங்கி, பின்னால் வந்த வண்டிகளை நிறுத்தி, நாலு பேராகப் பாறையை உருட்டி ஓரம் கட்டினார்கள். நான் காரிலேயே உட்கார்ந்து தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நூற்றுக்கு நூறு. இருபத்தெட்டு வருடத்தில் நான் யாருக்கும் நூறு போட்டதில்லை. மாமா, உங்களிடம் மறைப்பானேன், அவர் மோசமாக ஓட்டியிருந்தால் நான் இந்தக் கடிதத்தையே எழுதியிருக்க மாட்டேன். நம் வீட்டு மாப்பிள்ளை நன்றாக ஓட்டினால் எனக்குப் பெருமையாக அல்லவா இருக்க வேண்டும். தாளைச் சுருட்டி ஜன்னல் வழியே போடலாம் என்று பார்த்தேன், குப்பை போடுவது குற்றம் என்பதால் பையிலேயே வைத்துக்கொண்டேன்.

உச்சியில் டீ குடித்தோம். சகலை சாவியை என் கையில் வைத்தார். "இறங்குறப்ப நீங்க ஓட்டுங்கண்ணா." வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன், அதற்குள் தலைமையாசிரியை, "ஓட்டட்டும், நாங்களும் பாக்கணும்ல" என்றுவிட்டார்.

நான் மலைச்சாலையில் வண்டி ஓட்டிப் பதினெட்டு வருடம் ஆகிறது. என் வேலை உட்கார்ந்து பார்ப்பது, ஓட்டுவது அல்ல, இதை யாரும் யோசிப்பதில்லை. கிளம்பும்போதே வண்டி மூன்று தடவை அணைந்தது. இண்டிகேட்டர் என்று நினைத்து வைப்பரைத் தட்டினேன், அதை நிறுத்தப்போய்க் கூரை மூடிக்கொள்ள ஆரம்பித்தது, பாதி மூடியதும் நின்றுவிட்டது. மணிக்குப் பதினெட்டு கிலோமீட்டர் வேகத்தில் அந்தப் பாதிக் கூரையோடு நான் இறங்கினேன். என் பின்னால் பதினோரு ஸ்போர்ட்ஸ் கார்களும் ஒரு பால் வேனும் வரிசையாக வந்தன. ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. அடித்திருந்தால் திட்டவாவது செய்திருப்பேன். காதில் பாட்டு மாட்டிய ஒரு சைக்கிள்காரர் என்னை முந்திப் போனார். கையை முறையாகக் காட்டித்தான் முந்தினார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்து, சாலை அகலமான ஓர் இடத்தில், என் சாம்பல் கார் என்னை முந்தியது. உங்கள் மூத்த மகள் கையசைத்துவிட்டுப் போனாள். ஐம்பதைத் தாண்டினால் என்னிடம் இருமும் வண்டி, அவளிடம் அப்படி ஒரு பாய்ச்சல் பாய்கிறது.

ஒன்பதாவது வளைவுக்கும் எட்டாவதுக்கும் நடுவில் கொஞ்ச தூரம் நேர்ச்சாலை. எதிரே யாரும் இல்லை. சகலை மெல்ல, "இப்ப மிதிங்கண்ணா" என்றார். மிதித்தேன். ஒரு நாலு விநாடி. அதைப் பற்றி எழுத எனக்கு வார்த்தை வரவில்லை, விட்டுவிடுகிறேன்.

கீழே வந்து, அந்தக் காரிலிருந்து நான் எழுந்து வெளியே வந்தபோது, பின்னால் வந்த கேப்டன் எனக்கு முன்பே இறங்கிப் போய் உங்கள் மூத்த மகளிடம், "மேடம், வளைவுல என்னா அழகா கோடு போட்ட மாதிரி ஓட்டுறீங்க, குரூப்ல சேந்துடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "சார், பத்திரமா வந்துட்டீங்க" என்றார். கொழுந்தியாள் ஓடி வந்து, "அத்தான், நேர்ரோட்டுல கத்துனீங்களாமே" என்று கேட்டாள். கத்தவில்லை, தொண்டையைச் சரிசெய்துகொண்டேன் என்று சொன்னேன்.

ஆகவே மாமா, என் வேண்டுகோள் இதுதான். பெரியவர் என்ற முறையில் சின்ன மாப்பிள்ளைக்கு நீங்கள் ஒரு வரி எழுத வேண்டும். இரண்டு இருக்கைக் காரில் குடும்பம் எங்கே உட்காரும், மழை வந்தால் என்ன ஆகும், நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்யும் முதுகு என்ன ஆகும் என்று கேட்டு, அதை விற்றுவிடச் சொல்லுங்கள். நான் சொன்னால் பொறாமை என்பார்கள். இந்த மாதிரி ஆட்டமெல்லாம் ஆடாத, நிதானமான உங்களைப் போன்றவர் சொன்னால் மறுபேச்சு இருக்காது. நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம்.

அத்தையின் கால்வலி சீக்கிரம் தீரட்டும். உங்கள் இருவர் ஆசியையும் எப்போதும் வேண்டும்,

உங்கள் மூத்த மாப்பிள்ளை.

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் உங்கள் மகள் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டாள். படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் மாடிவீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். பிறகு தன் போனில் ஒரு படத்தைக் காட்டினாள். மலை உச்சி, சிவப்புக் கார், அதில் கறுப்புக் கண்ணாடியோடு நீங்கள். நான் போனதற்கு முன் ஆறு வாரமாக அத்தையிடம் பேங்க் என்று சொல்லிவிட்டு, தெருமுனையில் போய்க் காத்திருந்து ஏறிக்கொண்டீர்களாமே. ஞாயிற்றுக்கிழமை எந்த பேங்க் என்று அத்தையும் கேட்கவில்லையாம். சகலை குறைத்தால்கூட நீங்கள்தான் "இன்னும் கொஞ்சம் மிதிங்க மாப்ள" என்கிறீர்களாம். எனவே மேலே உள்ளதை நான் எழுதவில்லை, நீங்கள் படிக்கவில்லை. அந்தக் காரை விற்கச் சொல்ல வேண்டாம். ஆனால் மூத்த மாப்பிள்ளை நான் இருக்கும்போது ஆறு வாரமும் நீங்களே போனது எனக்கு வருத்தம்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குத் தலை சுற்றுகிறது என்று சகலையிடம் தயவுசெய்து சொல்லிவிடவும். காலை ஆறு மணிக்கு உங்கள் தெருமுனையில் நான் நிற்பேன்.