பாகற்காய் வைத்தியம்

தட்டில் மறுபடியும் பாகற்காய் விழுந்தது.

வேலப்பன் அதைப் பார்த்தார். கொல்லையிலிருந்து பலா வாசம் வந்த திசையைப் பார்த்தார். பிறகு பெண்டாட்டியைப் பார்த்தார்.

"ஒரு சுளை தின்னா உசுரா போயிடும்?"

"சர்க்கரைக்காரருக்குப் பலா எதுக்குங்க? பழத்தைப் பக்கத்து ஊட்டுக்குக் குடுத்தாச்சு," என்றாள் பொன்னம்மாள். "கொட்டையை மட்டும் திருப்பித் தரச் சொல்லியிருக்கேன்."

வேலப்பனுக்குச் சர்க்கரையே கிடையாது.

அவருக்கு வந்தது புராஸ்டேட் சுரப்பியில் புற்று. சேலத்து ஆஸ்பத்திரியில் சுரப்பியை முழுசாக எடுக்காமல், புற்று இருந்த மூலையை மட்டும் சுட்டுவிட்டார்கள். சுவரை இடிக்காமல், ஒழுகுகிற இடத்தை மட்டும் கொத்திப் பூசுகிற மாதிரி. ஆயுசு பூராவும் கொத்து வேலை பார்த்தவருக்கு ஒட்டுப் பூச்சைப் பற்றித் தெரியாதா? பூசின இடம் நிற்கும். பக்கத்தில் ஒழுகும். அதனால்தான் சில மாதத்துக்கு ஒருதரம் ரத்தம் எடுத்து, புற்று திரும்புகிறதா என்று காட்டுகிற ஒரு எண்ணைப் பார்த்தார்கள். அது இறங்க வேண்டும், இறங்கின இடத்திலேயே நிற்க வேண்டும். கடைசித் தடவை கொஞ்சம் ஏறியிருந்தது. இன்னொரு தரம் எடுத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

இதைப் பொன்னம்மாளிடம் எப்படிச் சொல்வது? அவள் தம்பி புற்றில்தான் போனான். அந்த வருஷமெல்லாம் அவள் அழுதுகொண்டேதான் களி கிண்டினாள். அந்தப் பேச்சை மறுபடி வீட்டுக்குள் விட அவருக்கு மனசு வரவில்லை. வைத்தியத்துக்குப் போனதைக் கட்டட வேலை என்றார். ரத்தம் கொடுக்கப் போவதைச் சர்க்கரை என்றார்.

பொய் சின்னதுதான். அதற்குத் தீனி போட்டு மாளவில்லை.

ஒரு நாள், "சர்க்கரை இறங்கிடுச்சாம் புள்ளே," என்று அவிழ்த்துவிட்டார்.

"பாத்தீங்களா, பாகக்கா வேலை செய்யுது!" மறுநாளிலிருந்து காலையில் பாகற்காய்ச் சாறும் சேர்ந்துகொண்டது.

பலன் இல்லையென்றால் விட்டுவிடுவாள் என்று கணக்குப் போட்டு, "ஏறிடுச்சாம்," என்றார். ஏறியது என்னவோ நிஜம்தான். சர்க்கரை இல்லை, அவ்வளவுதான்.

அவள் சின்னக்கண்ணுவுக்குச் சொல்லி அனுப்பினாள்.

சின்னக்கண்ணு அவரோடு கூட வேலை பார்க்கிறவன். ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வந்து கையெழுத்துப் போட்டவனும் அவன்தான். ஊரில் உண்மை தெரிந்த ஒரே ஆள். அவன் ஒரு கட்டு சிறுகுறிஞ்சான் தழையோடு வந்து நின்றான்.

"மெல்லு மச்சான். சர்க்கரைக்கு எமன்."

"அடேய், உனக்குத் தெரியுமேடா!" வேலப்பன் பல்லைக் கடித்தார்.

"உம் பொய்யைத்தானே காப்பாத்தறேன்? அக்கா பாக்குது. மெல்லு."

மென்றார். மென்றுவிட்டு நேரே பக்கத்து வீட்டு வேலியோரம் போய், தன் மரத்துப் பழத்திலேயே ஒரு சுளையைத் திருடி வாயில் போட்டார். சிறுகுறிஞ்சான் மென்ற நாக்குக்கு இனிப்புத் தெரியாது. நனைந்த துணியைக் கடித்த மாதிரி இருந்தது. வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அழுகை வந்தது. பலாப்பழத்துக்காக என்றுதான் முதலில் நினைத்தார்.

வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. உடம்பு இளைப்பது பாகற்காயாலா, உள்ளே அது மறுபடி கிளம்பியதாலா? கேட்பதற்கு இருந்தது ஒருத்திதான். அந்த வாசலை அவரே கல் வைத்து அடைத்துப் பூசியிருந்தார்.

மறுபடி ரத்தம் கொடுத்து, முடிவு கேட்கப் போகிற அன்று, பஸ் ஏற்றிவிடப் பொன்னம்மாளும் கூட வந்தாள்.

"ஏனுங்க, எங்கிட்ட ஏதாச்சும் சொல்லணுமா?"

"என்னத்தச் சொல்ல? சர்க்கரைதான். சாயங்காலம் வாரேன்."

"சரிங்க." சோறு கட்டின தூக்குப்போசியை நீட்டினாள். திறக்காமலே கசந்தது.

மலையிலிருந்து அடிவாரத்து முள்ளுக்குறிச்சிக்கு இறங்கி, அங்கிருந்து சேலம் போய்ச் சேர்ந்தார். எண் இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தது. திரும்பி வந்திருக்கிறதா இல்லையா என்று ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும் என்றார் டாக்டர். வேலப்பன் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். கை சும்மா இருக்கமாட்டாமல் போசியைத் திறந்தது.

நர்ஸ் மேகலா பக்கத்தில் வந்து நின்றாள். "அடுத்த வாரம் ஸ்கேனுக்கு ஊட்டம்மாவையும் கூட்டிட்டு வந்துருங்கய்யா."

"வேண்டாங் கண்ணு. அவளுக்கு இது தெரியாது. தெரிஞ்சா தாங்கமாட்டா."

மேகலா போசியை எட்டிப் பார்த்தாள்.

"உங்களுக்கு மயக்கம் தெளியற வரைக்கும் இதே பெஞ்சுல உக்காந்து அழுதுட்டு இருந்தவங்களே அவங்கதானுங்கய்யா; போன வாரங்கூட போன் பண்ணி, 'அவரா வாயத் தொறந்து எங்கிட்டச் சொல்ற வரைக்கும் பாகக்காதான் போடுவேன்'னு சொன்னாங்களே!"