துருப்பிடிக்காத வண்டி

வண்டி என்பது பாரம் ஏற்றுவதற்காக ஏற்பட்ட பொருள் என்று என் வாழ்நாளில் பெரும்பகுதி நம்பிக்கொண்டிருந்தேன். படிக்காதவன், அப்படித்தான் நம்புவேன்.

என்னிடம் ஒரு பழைய பிக்கப் இருந்தது. நல்லூரிலிருந்து வெளுத்த பனியன் துணியை ஏற்றி, மண்ணரையில் பொங்கியண்ணன் கம்பெனியில் இறக்குவேன். அந்த ஒரு லோடில்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. பின்பாடி முழுக்கத் துரு. நான் ஒரு பெட்ஷீட்டை விரித்து, அதன்மேல் துணியை வைப்பேன். துரு பெட்ஷீட்டோடு நின்றுவிடும். இந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு குறை, இது வெளிநாட்டிலிருந்து வரவில்லை.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் கம்பெனிக்குக் கம்ப்ளையன்ஸ் ஆபீசர் என்று பிரதீப் வந்து சேர்ந்தார். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் அனுப்பும் ஆடிட்டர் என்னென்ன குற்றம் கண்டுபிடிப்பாரோ, அதையெல்லாம் அவருக்கு முன்னால் கண்டுபிடித்து வைப்பது இவருடைய உத்தியோகம். என் வண்டியை எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்கண்ணா, இது என்னங்க?"

"பெட்ஷீட்டுங்க தம்பி."

"பெட்ஷீட்டு படுக்கறதுக்குங்க. துணிக்கு அடியில போடறதுக்கு ஸ்டாண்டர்டு கிடையாதுங்க."

ஸ்டாண்டர்டு உள்ள சரக்கு எது என்று அவரே விளக்கினார். வெளிநாட்டில் பிக்கப் வண்டிகளின் பின்பாடிக்கு ரப்பர் மாதிரி ஒன்றைத் துப்பாக்கியால் பீய்ச்சி அடிக்கிறார்களாம். துரு வராதாம், கீறல் விழாதாம். கோயமுத்தூரில் ஒருவர் அந்த மெஷினை இறக்கியிருக்கிறாராம். அதை அடிக்காவிட்டால் எனக்கு இனி லோடு கிடையாது என்று மேற்படி ஆபீசர் அன்போடு தெரிவித்தார். எந்த வண்டியிலும் பெட்ஷீட் இருக்கக் கூடாது என்று கேட்டில் போர்டும் மாட்டினார்.

வீட்டில் நின்ற கறவை எருமையை விற்றேன். கோயமுத்தூர்க்காரர்கள் துருவைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கண்ணாடிக்கெல்லாம் பேப்பர் ஒட்டி, கன்னங்கரேலென்று பீய்ச்சினார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறுகிவிட்டது. சொரசொரவென்று, இரும்புக்கே புதுத்தோல் முளைத்த மாதிரி இருந்தது. என் வீட்டுக்காரி ராக்கம்மாள் அதைத் தடவிப் பார்த்தாள்.

"எருமைய வித்துப்போட்டு, அதோட தோல மட்டும் திருப்பி வாங்கியாந்துட்டீங்களாக்கு" என்றாள்.

மறுநாள் வண்டியோடு போய் நின்றேன். பிரதீப் சுற்றிச் சுற்றிப் பார்த்துப் பூரித்தார். பிறகு, ஆடிட் முடிகிறவரை இதில் பாரம் ஏற்றக் கூடாது என்றார்.

"ஏன் தம்பி?"

"கீறல் விழுந்துருமுங்க."

"கீறல் விழாதுன்னுதானே அடிக்கச் சொன்னீங்க?"

"விழாதுங்கண்ணா. விழுந்துட்டா?"

என் வண்டிக்கு முன்வாசலில் நிழல் பார்த்து இடம் கொடுத்தார்கள். துணி வந்தாக வேண்டுமே! அதற்கு இன்னொரு லோடுக்காரன் மயில்சாமியின் டெம்போவைப் பின்வாசல் வழியாக விட்டார்கள். மயில்சாமி பல் விளக்கினாலும் விளக்குவானே தவிர, வண்டியைக் கழுவ மாட்டான். அவனும் ஒரு பெட்ஷீட் வைத்திருந்தான்தான். போர்டைப் படித்துவிட்டு, சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, அதை எடுத்து வீட்டில் வைத்துவிட்டான்.

ஒருநாள் நல்ல மழை. டெம்போவின் துருவேறிய அடித்தகடும் அதில் வரிசையாக இருந்த போல்ட் தலைகளும் துணியில் செம்மண் நிறத்தில் அச்சாகிவிட்டன. தைத்து முடித்த பிறகுதான் செக்கிங் பெண்கள் பார்த்தார்கள். பனியனுக்குப் பனியன் நெஞ்சில் ஒரு வட்டம், பக்கத்தில் ஒரு வட்டம், நடுவே ஒரு இழுப்பு. கப்பலுக்கு நேரமாகிவிட்டது. வேறு துணி இல்லை. பொங்கியண்ணன் கடவுளை நினைத்துக்கொண்டு பெட்டியை ஒட்டச் சொன்னார்.

இதற்கிடையே ஆடிட்டர் வந்து என் வண்டியைப் பார்த்து, இந்த வட்டாரத்துக்கே முன்மாதிரி என்று எழுதிவிட்டுப் போனார். இனி லோடு எனக்குத்தான் என்று அன்றைக்கு ராக்கம்மாளிடம் சொன்னேன். எருமையை மறுபடி வாங்கலாம் என்றுகூடச் சொல்லிவிட்டேன்.

பையரிடமிருந்து தகவல் வந்தது. பொங்கியண்ணன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டே கேட்டாராம். சரக்கு அங்கே கடைக்கு வந்த வேகத்தில் தீர்ந்துவிட்டது. இப்படி ஒரு டிசைனை இதுவரை கண்டதில்லை. அதே வட்டம், அதே இழுப்பு, அதே நிறத்தில் இன்னும் நிறைய வேண்டும். வரைந்த கலைஞருக்கு எங்கள் பாராட்டுகள்.

கலைஞர் அப்போது பின்வாசலில் பீடி குடித்துக்கொண்டிருந்தார். அவரை ஏசி அறைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்து, காபி கொடுத்தார்கள். டெம்போ இனி பனியில் நிற்க வேண்டும், தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது, துருவின் தரம் வாராவாரம் பரிசோதிக்கப்படும் என்று பிரதீப் விதிகள் வகுத்தார்.

நான் போய் என் லோடு என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"உங்க வண்டியில துரு இல்லீங்களே" என்றார் பிரதீப். அவர் முகத்தில் உண்மையிலேயே வருத்தம் இருந்தது.

"நீங்கதானே தம்பி இருக்கப்படாதுன்னீங்க?"

"அந்த விதி இன்னும் ரத்தாகலீங்கண்ணா. வாசல்ல நிக்கற வண்டியில துரு இருக்கப்படாது. துணி வர்ற வண்டியில துரு இல்லாம இருக்கப்படாது. நீங்க வாசல்லயே நில்லுங்க. வாடகை தர்றோம்."

அடித்ததை உரித்துத் தர முடியுமா என்று கோயமுத்தூருக்குப் போய்க் கேட்டேன். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பிறகு வாசலில் நின்றேன். வேறு என்ன செய்ய?

அடுத்த ஆடிட் வந்தது. ஆடிட்டர் பையிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்து என் பின்பாடியை மூலைமூலையாகத் துடைத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். துளிகூடத் துரு ஒட்டவில்லை. துணியின்மேல் துருக்கறை படாமல் காப்பதில் இந்தக் கம்பெனிக்கு நிகரில்லை என்று சொல்லி, பொங்கியண்ணனுக்குக் கை கொடுத்தார்.

கை கொடுத்தபோது ஆடிட்டரின் கோட்டு விலகியது. உள்ளே போட்டிருந்த பனியனில், சரியாக நெஞ்சுக்கு நேரே, மயில்சாமி டெம்போவின் போல்ட் இரண்டு.

பிரதீப் அதைப் பார்த்தார். பொங்கியண்ணன் பார்த்தார். நானும் பார்த்தேன்; பிறகு அவரவர் நெஞ்சைக் குனிந்து பார்த்துக்கொண்டோம். தீபாவளிக்குக் கம்பெனி கொடுத்த அதே பனியனைத்தான் நாங்கள் மூன்று பேரும் போட்டுக்கொண்டு நின்றோம்.